புயல் கூண்டு ஏற்றிய கப்பல் தலைவர்

புரட்டாசி மாதம். கோவில்பட்டிச் சீமையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வானத்தில் மேகம் இல்லை. ஆனாலும் சம்சாரி ஏர் பூட்டுகிறார். அல்லது டிராக்டருக்குச் சொல்லி அனுப்புகிறார். காய்ந்த மண்ணிலேயே விதையைப் போடுகிறார். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மழை இறங்கும் என்ற நம்பிக்கை! இறங்கினால் உளுந்து, பாசி, கம்பு, பருத்தி எல்லாம் வீடு வந்து சேரும். இறங்காவிட்டால் விதை மண்ணோடு போகும். கடன் மட்டும் வீட்டோடு இருக்கும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தூத்துக்குடித் துறைமுகம். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று செய்தி வருகிறது. துறைமுகத்துக் கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. எத்தனையாம் எண் கூண்டு என்று கேட்டுக்கொண்டே மீனவர்கள் படகுகளைக் கரையேற்றுகிறார்கள்.

மூன்றாவது காட்சி ஒன்று உண்டு. கோவில்பட்டிக்கு அருகே ஒரு சிறு விமான ஓடுதளம் இருப்பதும், அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்க டிட்கோ நிறுவனம் முயற்சி எடுத்ததும் அந்த வட்டாரத்தார் அறிந்த விஷயம். விமானி ஆகவேண்டும் என்று கனவு காணும் கரிசல் காட்டு இளைஞர் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு விமான நிலையத்தின் வானிலை ஒலிபரப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடகடவென்று எண்களாகக் கொட்டுகிறது. ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டுமானால் அது பிடிபட்டே ஆகவேண்டும்.

வானொலிக்குக் காது கொடுக்கும் சம்சாரி, கூண்டைப் பார்க்கும் மீனவர், எண்களோடு மல்லாடும் இளைஞர் — இந்த மூவருக்கும் பெரிதும் உதவியவர் ஒரே மனிதர். அவர் கப்பல் தலைவர் ராபர்ட் பிட்ஸ்ராய். உலகுக்கு நன்மை செய்து, அதற்காகவே ஏச்சும் வாங்கி, மனம் உடைந்து மாண்ட மனிதரின் கதை அவருடைய கதை.

அரச வம்சத்துப் பிள்ளை

பிட்ஸ்ராய் 1805-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி இங்கிலாந்தில் சபோக் மாகாணத்தில் ஆம்ப்டன் என்ற ஊரில் பிறந்தார். சாதாரணக் குடும்பம் அல்ல. தந்தையின் தந்தை கிராப்டன் பிரபு இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். இரண்டாம் சார்லஸ் மன்னரின் வம்சம். தாயின் சகோதரர் காசில்ரே பிரபு, நெப்போலியனை வீழ்த்திய காலத்தில் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர்.

பிள்ளைக்கு ஐந்து வயது நடக்கும்போதே தாய் இறந்துவிட்டார். பன்னிரண்டாவது வயதில் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் புலி. 1824-ல் நடந்த அதிகாரித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். அதற்கு முன் அப்படி வாங்கியவர் எவரும் இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் குடும்பத்தில் ஒரு இடி விழுந்திருந்தது. மாமா காசில்ரே, மூளை கலங்கி, கத்தியால் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டார். அந்த நிழல் மருமகனின் மனத்தை விட்டு வாழ்நாள் முழுதும் அகலவில்லை.

இருபத்து மூன்று வயதில் தலைவர்

தென் அமெரிக்காவின் தென்கோடிக் கடலை அளந்து படம் வரைய பீகிள் என்ற சிறு கப்பலை இங்கிலாந்து அனுப்பியிருந்தது. ஓயாத மழை, குளிர், ஊளையிடும் காற்று. மனிதவாடையே இல்லாத கரை. அந்தத் தனிமையைத் தாங்காமல் கப்பலின் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ் 1828-ல் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டார். காலியான அந்த இடத்தில் அமர்த்தப்பட்டவர் பிட்ஸ்ராய். அப்போது அவருக்கு வயது 23.

பதவி ஏற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். 1829 ஜனவரி 30-ந் தேதி, பிளேட் நதியின் முகத்துவாரத்தில் பாம்பெரோ என்ற திடீர்ப் புயல் பீகிள் மீது பாய்ந்தது. கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது. பாய்மரங்கள் முறிந்தன. மாலுமிகள் இருவர் கடலுக்குப் பலியானார்கள்.

கப்பலில் காற்றழுத்தமானி இருந்தது. புயலுக்கு முன்பே அதன் பாதரசம் இறங்கியிருந்தது. கருவி எச்சரித்தது, தாம்தான் அதை மதித்து நேரத்தோடு பாயைச் சுருக்கவில்லை என்ற எண்ணம் இளம் தலைவரை வாட்டியது. அன்றுமுதல் அந்தப் பாதரசத்தை அவர் அலட்சியம் செய்ததே இல்லை. இரண்டு உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

டார்வினின் தோழர்

1831 டிசம்பர் 27-ந் தேதி பீகிள் மீண்டும் புறப்பட்டது. மறுபடியும் பிட்ஸ்ராய்தான் தலைவர். தனிமை மனிதனை என்ன செய்யும் என்பதை ஸ்டோக்ஸ் கதை அவருக்குக் காட்டியிருந்தது. ஆகவே, பேச்சுத் துணைக்கு இயற்கை நூல் பயின்ற இளைஞர் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். வந்து சேர்ந்தவர் 22 வயதுச் சார்லஸ் டார்வின்!

ஐந்து ஆண்டுகள் இருவரும் ஒரே மேஜையில் உண்டார்கள். பிட்ஸ்ராய் முன்கோபி. அடிமை முறையைப் பற்றிப் பேச்சு வந்தபோது இருவருக்கும் பெரிய சண்டை மூண்டது. பிறகு பிட்ஸ்ராயே மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் ஆனார். கப்பலைச் செலுத்துவதில் அவருக்கு நிகர் இல்லை. 22 கடிகாரங்களை வைத்துக்கொண்டு உலகைச் சுற்றி அளந்தார். அவர் வரைந்த கடல் படங்களை நூறாண்டுக்கு மேலும் மாலுமிகள் நம்பிப் பயன்படுத்தினார்கள்.

காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை எண்ணிட்டுக் கூறும் முறையைக் கடற்படை அதிகாரி போபர்ட் வகுத்திருந்தார். அதைக் கடமையாகக் கொண்டு நாள் தவறாமல் குறித்த முதல் பிரயாணம் பீகிளின் பிரயாணம்தான். பலத்த காற்று, பேய்க்காற்று என்று ஆளுக்கு ஒரு சொல் சொல்லாமல், எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்! இந்த எண்ணம் பிட்ஸ்ராயின் மனத்தில் ஆழமாக வேரூன்றியது.

வேலை சரியாக முடிய இன்னொரு கப்பல் தேவைப்பட்டது. சொந்தப் பணத்தில் வாங்கினார். கடற்படை இலாகா அந்தப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. பொதுக் காரியத்துக்குச் சொந்தக் கையை நீட்டும் இந்தக் குணம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

கவர்னர் பதவியும் கசப்பும்

1836-ல் ஊர் திரும்பினார். பூகோள சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. 1841-ல் பார்லிமெண்டு அங்கத்தினர் ஆனார். 1843-ல் நியூஜிலாந்தின் கவர்னராகப் போனார்.

அங்கே வெள்ளைக் குடியேறிகளுக்கும் மாவோரி மக்களுக்கும் நிலத் தகராறு. அவர் போவதற்கு முன்பே வைராவ் என்ற இடத்தில் கைகலப்பில் பலர் இறந்திருந்தார்கள். பிட்ஸ்ராய் விசாரித்தார். முதல் தவறு குடியேறிகள் மேல்தான் என்று தீர்ப்பளித்தார். தம் இனத்தார் என்று பாராமல் சொன்ன அந்தத் தீர்ப்பு அவருக்குப் பகையைத் தேடித் தந்தது. கஜானாவோ காலி. 1845-ல் அவரைத் திருப்பி அழைத்துக் கொண்டார்கள்.

1850-ல் உடல் நலிவால் கடற்படையின் நேரடிப் பணியிலிருந்து விலகினார். 1852-ல் மனைவி இறந்தார். வாழ்வு முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணியிருப்பார்கள். ஆனால் அவருடைய பெரிய வேலை இனிமேல்தான் தொடங்க இருந்தது!

காற்றுக் கணக்கு எழுதும் உத்தியோகம்

1853-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கடல் நாடுகளின் மாநாடு ஒன்று கூடியது. எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் வானிலையைக் குறித்துவைக்க வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. அதற்காக இங்கிலாந்து 1854-ல் வர்த்தக இலாகாவின் கீழ் ஒரு சிறு ஆபீசை ஏற்படுத்தியது. அதன் தலைவர் பிட்ஸ்ராய். உதவிக்கு மூன்றே பேர். இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் பிரிட்டிஷ் வானிலை நிலையத்தின் விதை அதுதான்.

அவருக்கு இட்ட வேலை என்ன? பழைய கணக்கைச் சேர்ப்பது, அட்டவணை போடுவது. அவ்வளவே. நாளைய காற்றைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் பிளேட் நதியில் இறந்த இருவரை அவர் மறக்கவில்லை. ஏழை மீன்பிடி ஊர்களுக்கு உறுதியான காற்றழுத்தமானிகளைக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கரையில் எல்லார் கண்ணிலும் படும்படி அவை நிறுத்தப்பட்டன. படகு இறக்குமுன் பாதரசத்தைப் பார்! இறங்கியிருந்தால் நீ இறங்காதே! எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் பாடம் இது.

தங்கக் கப்பல் மூழ்கியது

1859 அக்டோபர் 25-ந் தேதி இரவு இங்கிலாந்தின் மேற்குக் கரையில் கோரமான புயல் அடித்தது. ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிச் சம்பாதித்தவர்களை ஏற்றிக்கொண்டு ராயல் சார்ட்டர் என்ற கப்பல் லிவர்பூலை நோக்கி வந்து கொண்டிருந்தது. இரண்டு மாதப் பிரயாணம் முடியச் சில மணி நேரமே பாக்கி. ஆங்கிள்சி தீவின் பாறையில் மோதிக் கப்பல் நொறுங்கியது. சுமார் 450 பேர் மாண்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த தங்கமே பலரை நீருக்குள் இழுத்தது என்று சொல்வார்கள். அந்த ஒரு புயலில் மட்டும் 133 கப்பல்கள் அழிந்தன. 800 பேர் உயிர் இழந்தார்கள்.

பிட்ஸ்ராய் பல ஊர்களிலிருந்து குறிப்புகளைத் திரட்டினார். காகிதத்தில் வைத்துப் பார்த்தார். புயல் எந்த வழியே நகர்ந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. அது ஓர் இடத்தில் அடித்துவிட்டுத்தான் இன்னோர் இடத்துக்குப் போயிருக்கிறது. அப்படியானால், முதல் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு முன்கூட்டியே செய்தி சொல்லியிருக்கலாமே?

செய்தி சொல்ல வழியும் பிறந்திருந்தது. புயலைவிட வேகமாக ஓடும் ஒன்று அப்போது உலகில் வந்துவிட்டது. அதுதான் தந்தி!

கூம்பும் உருளையும்

1860-ல் கடற்கரையில் 15 நிலையங்கள் ஏற்பட்டன. காலைதோறும் அவை காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை, வேகம், மேகம் ஆகியவற்றைத் தந்தியில் லண்டனுக்கு அனுப்பும். பிட்ஸ்ராய் அவற்றைப் படத்தில் வைத்துப் பார்ப்பார். ஆபத்து என்று தோன்றினால் துறைமுகத்துக்குத் தந்தி பறக்கும்.

1861 பிப்ரவரியில் முதல் புயல் எச்சரிக்கை பிறந்தது. துறைமுகக் கம்பத்தில் துணியால் செய்த கூம்பு ஏறும். முனை மேல் நோக்கினால் வடக்கிலிருந்து புயல். கீழ் நோக்கினால் தெற்கிலிருந்து புயல். உருளை ஏறினால் காற்று திசை மாறி மாறி அடிக்கும். இரண்டும் சேர்ந்தால் பேராபத்து. இரவில் அதே வடிவத்தில் விளக்குகள். எழுத்து வேண்டாம், மொழி வேண்டாம், கண் இருந்தால் போதும்.

ஹாலந்திலும் பிரான்சிலும் அதே காலத்தில் விஞ்ஞானிகள் இத்தகைய முயற்சிகளில் இறங்கியிருந்தார்கள். ஆனால் துறைமுகங்களுக்கு மட்டுமல்லாமல், பத்திரிகை வாயிலாகப் பொதுமக்கள் எல்லாருக்கும் நாளைய வானிலையைச் சொல்லத் துணிந்தவர் பிட்ஸ்ராய்.

1861 ஆகஸ்டு 1-ந் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் முதல் அறிக்கை வெளிவந்தது. வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசை, வேகம், வானத்தின் நிலை. நாலைந்து சொற்கள்தான்! அதற்கு அவர் இட்ட பெயரிலும் அடக்கம் இருந்தது. ஜோசியம் என்றோ தீர்க்கதரிசனம் என்றோ அவர் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்துக் கூறும் அபிப்பிராயம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எடுத்து ஆண்டார். முன்னறிவிப்பு என்று நாம் தமிழில் சொல்வது அதைத்தான்.

ஏச்சும் பேச்சும்

ஆரம்பத்தில் பாராட்டு மழை பொழிந்தது. விக்டோரியா மகாராணியே ஒயிட் தீவுக்குக் கடல் கடந்து போகுமுன் ஆள் அனுப்பி அவரிடம் வானிலை கேட்டதுண்டு. ஆனால் சொன்னது பலிக்காத நாட்களும் வந்தன. பதினைந்து ஊர்த் தந்தியை வைத்துக் கொண்டு, மேலே வானத்தில் என்ன நடக்கிறதென்று அறியக் கருவி ஏதும் இல்லாமல், இரண்டு நாளைக்கு முன்கூட்டிச் சொல்வது லேசா?

பத்து முறை சரியாகச் சொன்னதை உலகம் மறந்துவிடும். ஒரு முறை தப்பினால் ஊர் சிரிக்கும். அவருடைய அறிக்கையை அச்சிட்ட அதே டைம்ஸ் பத்திரிகை தலையங்கத்தில் அவரைக் குத்திக் காட்டியது. அடிப்படை விதி தெரியாமல் ஊகம் செய்கிறார் என்று விஞ்ஞானிகள் சிலர் குறை கூறினார்கள். படகு கரையில் நின்றால் லாபம் போகிறதே என்று சில முதலாளிகள் முணுமுணுத்தார்கள் என்பர். மீனவர்கள் மட்டும் கூம்பை நம்பினார்கள்.

வேறு ஒரு துயரமும் அவரை அரித்தது. பிட்ஸ்ராய் ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர். டார்வினின் பரிணாமக் கொள்கை 1859-ல் வெளிவந்தது. அந்தக் கொள்கைக்குத் தம் கப்பலே வழி செய்துவிட்டதே என்று மனம் புழுங்கினார். 1860-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பிரபலமான விவாதத்தில் வேதப் புத்தகத்தைக் கையில் ஏந்தி எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் அந்த ஊருக்குப் போயிருந்தது புயல்களைப் பற்றிக் கட்டுரை படிப்பதற்காக!

காது மந்தமாயிற்று. உறக்கம் போயிற்று. சொந்தச் செல்வம் கரைந்தது. 1865 ஏப்ரல் 30-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனை அடுத்த நார்வுட்டிலிருந்த வீட்டில் அவருடைய வாழ்வு அவர் கையாலேயே முடிந்தது. மாமாவின் நிழல் கடைசியில் மருமகனையும் மூடிவிட்டது. வயது 59.

பெரும் பிரபு குடும்பத்தில் பிறந்த வைஸ் அட்மிரல் கடனாளியாக இறந்தார். நண்பர்கள் நிதி திரட்டினார்கள். கருத்தில் எதிரியான டார்வின் 100 பவுன் கொடுத்தார்.

இறக்கிய கூம்பு மீண்டும் ஏறியது

அவர் மறைந்ததும் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. விஞ்ஞானி கால்ட்டன் அதில் முக்கிய அங்கத்தினர். முன்னறிவிப்புகளுக்கு விஞ்ஞான ஆதாரம் போதாது என்று குழு அபிப்பிராயப்பட்டது. பத்திரிகை அறிக்கை நின்றது. 1866 டிசம்பரில் புயல் கூம்புகளும் இறங்கின.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. துறைமுகங்களிலிருந்து எதிர்ப்புக் குரல் கிளம்பியது. விஞ்ஞானிகளுக்கு வேண்டாத கூம்பு, கடலில் உயிரைப் பணயம் வைப்பவர்களுக்கு வேண்டியிருந்தது! மறு ஆண்டே கூம்புகள் மீண்டும் ஏறின. 1879-ல் பொதுமக்களுக்கான முன்னறிவிப்பும் திரும்பியது. பிட்ஸ்ராய் வென்றார், ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

நம் நாட்டுக்கும் அந்த முறை வந்தது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் மடிந்தார்கள். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் பல்லாயிரவர் பலியானார்கள். 1865-ல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-ல் இந்திய வானிலை இலாகா பிறந்தது. இன்று தூத்துக்குடியில் ஏறும் கூண்டுகள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. ஒன்றும் இரண்டும் தூரத்து எச்சரிக்கை. மூன்றும் நான்கும் அருகில் வந்த எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் செய்தித் தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள். பகலில் கூம்பும் உருளையும்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். பிட்ஸ்ராயின் கம்பத்தைப் பார்த்தவர் இதைப் பார்த்தால் உடனே இனம் கண்டுகொள்வார்.

விமானியின் காதில்

கடலில் கூம்பு செய்த வேலையை ஆகாயத்தில் குரல் செய்கிறது. பெரிய விமான நிலையங்களில் ஏ.டி.ஐ.எஸ். என்னும் ஒலிபரப்பு நாள் முழுதும் ஓடுகிறது. பதிவு செய்த குரல். பல இடங்களில் இப்போது இயந்திரக் குரல். இறங்க வரும் விமானி அதைக் கேட்டுக்கொண்ட பிறகே நிலையத்தோடு பேசுவார்.

புதிதாகக் கேட்பவருக்கு அது மந்திரம் ஓதுவதுபோல் இருக்கும். உண்மையில் அதில் ஒரு கட்டுக்கோப்பு உண்டு. பிட்ஸ்ராயின் தந்தியில் இருந்த கட்டுக்கோப்புதான்: ஒவ்வொரு செய்திக்கும் ஓர் இடம். முதலில் நிலையத்தின் பெயர். அடுத்து அறிக்கைக்கு அடையாளமாக ஓர் ஆங்கில எழுத்து: ஆல்பா, பிராவோ, சார்லி என்று. பிறகு நேரம், அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். பிறகு ஓடுதளத்தின் எண். அதன்பின் காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிநிலை, காற்றழுத்தம். முடிவில் மறுபடியும் அதே எழுத்து. வானிலை மாறினால் அறிக்கை மாறும்; எழுத்தும் மாறும். விமானி நிலையத்தை அழைக்கும்போது எந்த எழுத்து அறிக்கையைக் கேட்டேன் என்று சொல்லவேண்டும். பழைய செய்தியை நம்பி வருகிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காற்றின் திசையை வட்டத்தின் 360 பாகையில் சொல்வார்கள். காற்று போகும் திசை அல்ல, வரும் திசை. தமிழருக்கு இது புதிதா? வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. விமானியின் கணக்கில் 90 என்றால் கொண்டல். 180 என்றால் தென்றல். 270 என்றால் கோடை. 360 என்றால் வாடை. கரிசல் காட்டுப் பிள்ளைக்கு இதைவிட எளிய மனப்பாடம் வேண்டாம்.

எண்களை ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்து உச்சரிப்பார்கள். ஒன்பதை நைன் என்று சொல்லாமல் நைனர் என்பார்கள்; இரைச்சலில் அது ஐந்து என்று காதில் விழுந்துவிடக் கூடாது. ஆகவே பயிற்சி செய்பவர் முதலில் வரிசையை எழுதிக்கொண்டு, கேட்கும்போது எண்ணை மட்டும் அதனதன் இடத்தில் நிரப்பவேண்டும். வரிசை தெரிந்தவர், அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்துக் கேட்பார். எதிர்பார்க்கும் காதுக்கே வேகமான பேச்சு பிடிபடும்.

ஓர் எண் தவறினால் என்ன ஆகும்? காற்றழுத்தத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் விமானி தம் உயரமானியைத் திருத்துகிறார். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் உயரத்தில் சுமார் 27 அடி பிசகும். பத்து தவறினால் 270 அடி! மேகத்துக்குள்ளிருந்து இறங்குபவருக்கு அது உயிர்ப் பிரச்னை. 1829-ல் பீகிளின் பாதரசம் சொன்ன அதே காற்றழுத்தம்தான் இது. அன்று கண்ணால் பார்த்துத் தவறவிட்டதை இன்று காதால் கேட்டுத் தவறவிடக் கூடாது.

பேச்சுப் புரியாமையின் விலையை நம் நாடு அறியும். 1996 நவம்பர் 12-ந் தேதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் மாண்டார்கள். ஆங்கிலம் சரியாகப் புரியாததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதப்பட்டது. பிற்பாடு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வை வகுத்தது. ஆறு படிகள், குறைந்தது நான்காம் படியாவது எட்டவேண்டும். அந்த விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அழகான ஆங்கிலம் அங்கே கேட்கப்படவில்லை. பிசகில்லாத ஆங்கிலமே கேட்கப்படுகிறது.

மறையாத பெயர்

பிட்ஸ்ராயை உலகம் தாமதமாகத்தான் நினைத்தது. தென் அமெரிக்காவில் ஓங்கி நிற்கும் ஒரு சிகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரிட்டிஷ் வானொலியில் கப்பல்களுக்காக வானிலை படிப்பதுண்டு. ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ஒரு பெயர், மாறாத வரிசை, எண்ணி வைத்த சொற்கள். 2002-ல் ஒரு கடற்பகுதிக்குப் புதுப் பெயர் வேண்டியிருந்தது. பிட்ஸ்ராய் என்றே சூட்டினார்கள். எந்த வேலைக்காக ஏச்சு வாங்கினாரோ, அந்த வேலையின் குரலிலேயே அவர் பெயர் கலந்துவிட்டது.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோவில்பட்டிக் கரிசலும் தப்பவில்லை. இவ்வளவு பெரிய மழையை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா என்ற விவாதம் தமிழகத்தில் எழுந்தது. செயற்கைக் கோள், ராடார், கணிப்பொறி எல்லாம் இருந்தும் இன்றும் வானம் சில சமயம் மனிதனை ஏய்க்கிறது. பதினைந்து தந்தியை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவரை அன்று எவ்வளவு எளிதாகச் சிரித்துவிட்டார்கள்!

சொன்னது தப்பினால் சிரிப்பார்கள் என்பதற்காக அவர் வாய் மூடி இருக்கவில்லை. சொல்லாமல் இருந்தால் சாவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

புரட்டாசிக் கரிசலில் விதையைப் போட்டுவிட்டு மேற்கேயும் கிழக்கேயும் வானத்தைப் பார்க்கும் சம்சாரிக்கு இது நன்றாகவே புரியும். அவரும் மழை பெய்யும் என்று நிச்சயம் தெரிந்து விதைப்பதில்லை. கணக்குப் போட்டு, துணிந்து விதைக்கிறார்.